தடுப்புக்குப் பின்னால் ஒரு தானியங்கி

இன்னொரு தடவை இந்த மனுஷன் 'தானாவே' என்று சொல்லட்டும், சத்தமாகத் தும்மிவிடுகிறேன்.

தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். தும்மல் வரவில்லை. வந்திருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடக்கியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியும். மனசுக்குள் அவள் நடத்திய புரட்சிகளை வெளியே எடுத்தால் ஒரு சின்ன நாட்டையே கவிழ்த்துவிடலாம். என்ன செய்வது, எல்லாம் உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிந்துபோகிறவை.

அந்தப் பக்கம் எம்.டி.யின் குரல் தேனாக வழிந்துகொண்டிருந்தது.

"நான் நம்பர மட்டும்தான் சார் அடிப்பேன். இதோ, இருபத்தி நாலு! மீதிய லேசர் தானாவே பாத்துக்கும்."

'இருபத்தி நாலு' வந்தபோது மட்டும் குரல் திடீரென்று உயர்ந்தது, பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைக் கத்துவதுபோல. அவள் கைகள் நகர்ந்தன.

அவள் முன்னால் மேஜையில் மூன்று கறுப்புத் தகடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தலைமுடியைப் போல மெல்லிய கண்ணாடி இழை வளையமாகச் சுற்றியிருந்தது. விடைத்த காதுகளைப் போல இருந்ததால் அந்த லேபில் எல்லோரும் அவற்றைக் காது என்றே சொல்வார்கள். நடுக்காதைக் கொஞ்சம் சாய்த்தாள். கடைசிக் காதை அதைவிடக் கொஞ்சமாக. எதிரே இருந்த சின்ன ஸ்க்ரீனில், குடித்தவனைப் போலத் தள்ளாடிக்கொண்டிருந்த கோடு நிமிர்ந்து ஊசியாக நின்றது. அந்தப் பக்கத்துப் பெரிய ஸ்க்ரீனிலும் அதே ஊசி.

"அட!" என்றது வாங்க வந்தவரின் குரல்.

"தானாவே," என்றார் எம்.டி.

அவள் தும்மவில்லை.

விஷயம் இதுதான். ஒரே கண்ணாடி இழைக்குள் பல நிறங்களில் ஒளியை அனுப்பலாம். ஒவ்வொரு நிறமும் ஒரு சேனல். ஊரார் பேச்சு, படம், காதல், வசை எல்லாம் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனி நிறத்தில் ஓடும். வழக்கமாக ஒரு நிறத்துக்கு ஒரு லேசர். ஒன்று செத்தால் மாற்றுவதற்கு, ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை அலமாரியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். அவள் செய்த லேசர் வேறு ரகம். எர்பியம் என்ற உலோகம் கலந்த இழையை வளையமாக்கி, நடுவே ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருந்தாள். வடிகட்டியைத் திருப்பினால் லேசரின் நிறம் மாறும். எந்த லேசர் செத்தாலும் இது ஒன்றே போய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதில் எந்த நிறமும் மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்பது கூடுதல் வசதி. கண்ணுக்குத் தெரியாத நிறத்தை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் மாற்ற, கண்ணெதிரே நிற்பவர் விற்றுக்கொண்டிருந்தார்.

வடிகட்டி மோட்டாரில் திரும்பும். அதுவரை எம்.டி. சொல்வது சத்தியம். ஆனால் நிறம் மாறியதும் வளையத்துக்குள் ஒளி அதிரும் திசையும் லேசாகத் திரும்பிக்கொள்ளும். காதுகளை முறுக்கி அதைச் சரிசெய்யாவிட்டால், லேசர் கேட்ட சேனலில் நிற்காமல் பக்கத்துச் சேனலுக்கும் இதற்குமாகத் தாவிக்கொண்டிருக்கும். காதுகளைத் திருப்ப மூன்று குட்டி மோட்டார்கள், கோட்டைப் பார்த்து அந்த மோட்டார்களுக்குச் சொல்ல ஒரு போர்டு. இவ்வளவுதான் பாக்கி. வரைபடமெல்லாம் அவள் போட்டு முடித்திருந்தாள். செய்து சோதித்துப் பார்க்க மூன்று மாதம் வேண்டும் என்று கேட்டாள்.

"மூணு மாசமா? வியாழக்கிழம டெமோ இருக்கும்மா!" என்று எம்.டி. அலறினார். அப்புறம் அவருக்கே உரிய அந்தக் குழைவு வந்தது. "உன் கைக்குத்தான் அது அடங்குதே. ஒரே ஒரு நாள் கையால திருப்பிடு. பின்னாடி தடுப்பு போட்டுக்கலாம். அப்புறம் மோட்டார், போர்டு, நீ கேக்கறது எல்லாம் வாங்கித் தரேன்."

இன்று நடந்தது ஐந்தாவது 'ஒரே ஒரு நாள்.'

வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனதும் எம்.டி. தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு ஸ்டூல். புதுசு. மேலே மெத்தை.

"கம்பெனி உன்ன மறக்கலம்மா. எவ்வளவு நேரம் அந்த மரக்கட்டைல உக்காருவ!"

"சார், அந்த மோட்டார்..."

"பாத்தியா, இன்னைக்கு எவ்வளவு அழகா தானாவே நின்னுச்சு! நல்லா ஓடிட்டிருக்கற மெஷின்ல எதுக்கும்மா கைய வைக்கணும்?"

கையை வைத்துக்கொண்டே இருப்பதால்தான் அது ஓடுகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முதல் டெமோவில் பொய் சொன்னார். அப்போது நெற்றியில் வேர்த்தது. மூன்றாவதில் வேர்வை நின்றது. இப்போது அவர் உண்மையாகவே நம்புகிறார். ஒரு மனிதரைத் தன் பொய்யைத் தானே நம்பும் அளவுக்குக் கொண்டுவந்த பெருமை யாருக்கு? அவளுக்குத்தான். அவள் விரல் ஒரு தடவை பிசகியிருந்தால்கூட அவருக்கு உண்மை ஞாபகம் வந்திருக்கும்.

பக்கத்து மேஜையில் இழைகளை உருக்கி ஒட்டுபவர் தன் உபகரணத்திலிருந்து தலையைத் தூக்கினார். வேலையின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. சின்னவர்களுக்கு ஒட்டு அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் ஒட்டு.

"மெத்தையா? போச்சு தங்கச்சி. மெத்த போட்டுட்டா எந்திரிக்க விட மாட்டாங்க. அடுத்தது தலகாணி தருவாங்க."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே."

"கிண்டல் இல்லம்மா, பொறாமை. பத்து வருஷமா ஒட்டறேன், எனக்கு ஒரு முதுகு வெச்ச நாற்காலி கூட வரல. எம்.டி. ஊருக்கெல்லாம் காது குத்தறாரு, நீ உள்ள உக்காந்து காத முறுக்கற. நல்ல ஜோடி."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே மெத்தையை அழுத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. கணவனின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். வருவதாகக் கணவன் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. ஸ்விட்சைப் போடுவதற்கு முன் யாரும் கரண்டுக்குச் சொல்லிவைப்பதில்லை.

"வாம்மா, இவ்வளவு நேரமா ஆபீஸ்?" என்றாள் நாத்தனார்.

"வாங்க அண்ணி. எப்ப வந்தீங்க?" என்றபடி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். கால்கள் அதுபாட்டுக்குப் போயின. அவள் கூடவே போனாள், அவ்வளவுதான்.

கூடத்தில் கணவனின் குரல் கேட்டது. "திடீர்னு வந்துட்டோம்னு சங்கடமே படாதீங்க மாமா. எங்க வீட்டுல எல்லாம் தானாவே நடக்கும்."

கையில் இருந்த கரண்டி ஒரு நொடி நின்றது.

வீட்டில் தடுப்பு இல்லை. வெறும் ஒரு சுவர். அந்தப் பக்கம் தண்ணீர் கேட்டால் தண்ணீர் போகும். காபி என்று சத்தமாகச் சொன்னால் காபி போகும். அவனும் முக்கியமான சொற்களுக்கு மட்டும் குரலை உயர்த்துவான் என்பதை இத்தனை வருஷத்தில் இன்றுதான் கவனித்தாள்.

"என் தம்பி குடுத்து வெச்சவன்," என்றாள் நாத்தனார், காபியை வாங்கிக்கொண்டே. "ஒரு சத்தம் இல்ல, ஒரு முணுமுணுப்பு இல்ல. எங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிக்கு எத்தன பஞ்சாயத்து தெரியுமா!"

"அவ அப்படித்தான்க்கா," என்றான் கணவன். பெருமையாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. மாலையில் செருப்பு வாங்கப் போனால் அவளுக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வருவான், அளவு தப்பாக இருந்தாலும்.

எல்லோரும் போனபின் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டு அவள் நெடுநேரம் யோசித்தாள். எம்.டி.யையும் கணவனையும் பற்றி யோசிப்பது எளிது; கோபத்தில் சூடாகவும் இருக்கும். தன்னைப் பற்றித்தான் யோசிக்க முடிவதில்லை. இன்று யோசித்தாள். அவளை யாரும் கட்டிப்போட்டு அந்த ஸ்டூலில் உட்கார வைக்கவில்லை. தள்ளாடும் கோடு தன் விரல் பட்டு நிமிரும் அந்தக் கணம் அவளுக்குப் பிடிக்கும். சொல்லப்போனால் நாள் முழுக்க அந்தக் கணத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் "அட!" என்று யாரோ வியக்கும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. யாருக்கும் தெரியாமல் நன்றாகச் செய்வது ஒரு போதை. நாலு பேர் பார்த்துப் புகழ்வதைவிட அது கொஞ்சம் உசத்தி என்றுகூட அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்திருந்தாள். அந்த நல்ல பெயருக்குள்தான் ஆபீஸ், வீடு என்று இரண்டு இடத்து ஆட்களும் சௌகரியமாகக் குடியிருந்தார்கள்.

"தூங்கலையா?" என்று உள்ளிருந்து கணவன் கேட்டான்.

"பாத்திரம் இருக்கு."

"காலைல பாத்துக்கலாமே. அதுவா ஆயிடும்."

அவள் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பெரிய ஆர்டர் வந்தது. வந்துவிடும்போல இருந்தது என்பது சரி. ஒரு பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மறுநாள் நேரில் வந்து ஒரு தடவை பார்ப்பாராம். பிடித்தால் அங்கேயே கையெழுத்து. இருபது லேசர் பெட்டிகள். எம்.டி. லேபுக்குள் நடக்கவில்லை, மிதந்தார்.

அவள் அவர் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள். அதுவே அவளுக்குப் பெரிய துணிச்சலாக இருந்தது.

"இருபது பெட்டி போகுது சார். இருபது இடத்துல யாரு காத முறுக்குவாங்க?"

"செட் பண்ணி அனுப்பிட வேண்டியதுதானே?"

"ஒரு சேனலுக்கு செட் பண்ணலாம். மாத்தினா தாவும். மாத்தறதுக்காகத்தானே சார் அவங்க வாங்கறாங்க?"

"தினமுமா மாத்தப் போறாங்க? எப்பவாவது ஒரு லேசர் செத்தா மாத்துவாங்க."

"அப்படி செத்த அன்னைக்கு இது பக்கத்து சேனல்ல போய் விழும். ஒழுங்கா ஓடிட்டிருக்கறதையும் சேத்துக் கெடுக்கும். ஒரு ஊர் பேச்சே நின்னு போகும் சார்."

எம்.டி. யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் நெற்றி சுருங்குவதைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு நம்பிக்கைகூட வந்தது.

"அப்ப உனக்கு போன் பண்ணுவாங்க. நீ இங்கேருந்தே சொல்லிக் குடு. நடுக்காது, கடைசிக்காதுன்னு. ரொம்பப் போனா உன்ன மாதிரி நாலு பொண்ணுங்கள எடுத்து அங்கங்க உக்கார வெச்சிடலாம். இதுக்கெல்லாம் பொறுமை வேணும்ல? ஆம்பளைங்களுக்கு அது வராது."

மூன்று மோட்டாருக்குப் பதில் நாலு பெண்கள். மோட்டாருக்கு எண்ணெய் போட வேண்டும், கரண்டு வேண்டும். பெண்களுக்கு ஒரு மெத்தை ஸ்டூல் போதும்போலிருக்கிறது.

"அவங்ககிட்ட மூணு மாசம் டைம் கேளுங்க சார். உள்ளத சொல்லிக் கேட்டா குடுப்பாங்க. இல்லாட்டி நான் கேக்கறேன்."

"நீயா?" அவர் நிஜமாகவே திடுக்கிட்டார், மேஜை விளக்கு எழுந்து பேசியதுபோல. பிறகு சிரித்தார். "நீ அவங்க முன்னாடி வந்தா பின்னாடி யாரும்மா இருக்கறது? நாளைக்கு ஒரே ஒரு நாள். கையெழுத்து மட்டும் ஆகட்டும். அப்புறம் உனக்கு என்ன வேணும் சொல்லு."

என்ன வேண்டும் என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள். திருப்பிச் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்ததைச் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார். இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவளை அறிந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வெளியே ஒட்டு அண்ணன் காத்திருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"நான் பொறுமைசாலின்னு சொன்னாருண்ணே."

"ஐயோ பாவம்," என்றார் அவர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் வந்த தலைமைப் பொறியாளர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். தடுப்பின் இடுக்கு வழியாக அவருடைய சாம்பல் நிறப் பையும், பையின் பட்டையை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்த விரல்களும் மட்டும் அவளுக்குத் தெரிந்தன.

"பதினெட்டு!" என்று எம்.டி. முழங்கினார்.

அவள் கைகள் போய்விட்டன. அவள் தீர்மானம் எதுவும் செய்வதற்கு முன்பே நடுக்காது சாய்ந்து, ஊசி நின்றது. தன் கைகளையே அவள் வெறித்துப் பார்த்தாள். எவ்வளவு நல்ல பிள்ளைகள்.

"நல்லா இருக்கு," என்றார் அந்தப் பெண். "அந்தத் தடுப்புக்குப் பின்னாடி என்ன?"

"கன்ட்ரோல் யூனிட் மேடம்."

"அதுக்குத் தனியா ஏசி வேணுமா? எங்க ரூம் எல்லாம் சின்னது."

"ஐயோ, அதுக்கு ஒண்ணுமே வேணாம் மேடம்! ஒரு மூலை குடுத்தா போதும். இருக்கற இடமே தெரியாது."

"ரிப்பேர்?"

"இதுவரைக்கும் ஒரு நாள் கூட மக்கர் பண்ணதில்ல. அப்படியே சொன்னபடி நடக்கும்."

நாத்தனார் பாராட்டியதும் கிட்டத்தட்ட இதே சொற்களில்தான். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. ஒரு பொருளைப் பற்றி இரண்டு பேர் பேரம் பேசுவதைக் கேட்கும்போது அந்தப் பொருளுக்கு என்ன தோன்றுமோ, அது. தான் நல்ல சரக்குதான் என்று தோன்றியது. விற்பனைக்கு இல்லை என்று யாராவது சொன்னால் தேவலை என்றும் தோன்றியது. சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

"நான் அடிச்சுப் பாக்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தாராளமா மேடம். எந்த நம்பர்னு மட்டும் வாய்விட்டுச் சொல்லிட்டு அடிங்க."

"எதுக்கு?"

"அது... எங்க வழக்கம் மேடம். எல்லாருக்கும் தெரியணும்ல."

விசையில் விரல் படும் ஓசை. அந்தப் பெண் நம்பரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"முப்பத்தி ஒண்ணு!" என்று எம்.டி. அவருக்காகக் கூவினார். "மேடம் முப்பத்தி ஒண்ணு அடிச்சிருக்காங்க!"

வடிகட்டியின் மோட்டார் மெல்ல முனகித் திரும்பி நின்றது. சின்ன ஸ்க்ரீனில் கோடு முப்பத்தொன்றில் எழுந்தது, சரிந்தது, பக்கத்து முப்பத்திரண்டில் எழுந்தது, மறுபடி இங்கே வந்தது. கடைசிக் காதை இடது பக்கம் ஒரு துளி சாய்த்தால் போதும். அவளுக்குத் தெரிந்தது. விரல்களுக்கு அவளைவிட நன்றாகத் தெரிந்தது. அவை மேஜை விளிம்புவரை போயே விட்டன.

அவள் கைகளைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றை ஒன்று நம்பாததுபோல, விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"ஒரு செகண்ட் எடுத்துக்கும் மேடம். பெரிய நம்பர்ல அப்படித்தான்," என்றது எம்.டி.யின் குரல். "முப்பத்தி ஒண்ணு!"

கோடு தள்ளாடியது. எம்.டி.யின் இருமல் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று, இன்னும் அர்த்தத்தோடு. ஒட்டு அண்ணனின் மேஜைப் பக்கம் எல்லா ஓசையும் நின்றுபோயிருந்தது. தாவும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அழும் குழந்தையை எடுக்காமல் இருப்பதுபோல இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்தது உண்மையில் இதுதான். இந்தத் தள்ளாட்டம். இன்றுதான் முதல் தடவையாக அதை ஒருவர் வாங்குவதற்கு முன்னால் பார்க்கிறார்.

தடுப்பின் ஓரத்தில் எம்.டி.யின் தலை மட்டும் நீண்டது. நெற்றியில் வேர்வை. பல டெமோக்களுக்குப் பிறகு அதைப் பார்க்க, பழைய ஆளொருவரைச் சந்தித்ததுபோல இருந்தது.

"என்னம்மா, கேக்கலையா?" என்று காற்றுக்குரலில் கேட்டார். "முப்பத்தி ஒண்ணு! முப்பத்தி ஒண்ணு!"

"கேட்டுச்சு சார்."

அவள் கிசுகிசுக்கவில்லை. கத்தவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரல்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் பையின் பட்டையைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அப்புறம் என்ன? திருப்பும்மா! இன்னைக்கு ஒரே ஒரு நாள்!"

"இல்ல சார்," என்றாள் அவள், கோத்த விரல்களை மடியிலிருந்து எடுக்காமல்.